ஆக்ஸிஜன் 98 காட்டுகிறதே, பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேட்டவரின் சந்தேகம் இது: வீட்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடனே விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தால் 98. ஆக்ஸிஜன் குறையவே இல்லை என்றால் இந்த இரைப்பு எதற்கு? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஏறும்போதும் உள்ளே என்னதான் நடக்கிறது?

நான் மருத்துவர் இல்லை. ஒரு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில் பி.எஃப்.டி., அதாவது நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று ஊதவைத்துப் பார்க்கும் சோதனை எடுக்கும் டெக்னீஷியன். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்து, "நல்லா இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று நாள் முழுக்கக் கத்துவது என் பிழைப்பு. ஒன்பது வருடமாகக் கத்துகிறேன். ஆனாலும் இந்தக் கேள்வி எனக்கு நன்றாக உறைத்தது பழனியில்தான்.

போன வருடம் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முட்டிவலிக்காரர்கள் இருவரும் சரிவான யானைப் பாதையில் நடந்தார்கள். நான் வீறாப்பாகப் படிப்பாதையில் ஏறினேன். கிட்டத்தட்ட 700 படி. நடுவில் நான்கு இடத்தில் உட்கார்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தால், அவர்கள் எனக்கு முன்பே வந்து நிற்கிறார்கள். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஊது ஊதுன்னு படுத்துறியே, உனக்கே இப்படி இரைக்குதா?" என்றார். தொழில்புத்தி, பையில் ஆக்சிமீட்டர் இருந்தது. எனக்கு 97, நாடித்துடிப்பு 158. அம்மாவுக்கும் 97, நாடித்துடிப்பு 112. ஆக்ஸிஜன் கணக்கில் இருவரும் ஒன்றுதான். பேச முடியாமல் நின்றது நான் மட்டும்.

சாதாரண நேரத்தில் மூச்சுக்கு உத்தரவு போடுவது ஆக்ஸிஜன் இல்லை, கரியமில வாயு. இதை 1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு பேர் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்துக் காட்டினார்கள். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் (பாதரச அளவு) என்று நிற்க வேண்டும் என்று மூளைத்தண்டில் இருக்கும் முகுளம் கறாராக இருக்கிறது. அது ஐந்து மில்லிமீட்டர் கூடினாலே மூச்சு இரண்டு மடங்குக்கு மேல் எகிறிவிடும். ஆக்ஸிஜன் விஷயத்தில் அவ்வளவு பதற்றம் கிடையாது. ஆக்சிமீட்டர் கணக்கில் 90க்குப் பக்கத்தில் இறங்கினால்தான், கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் பலமாகக் கூச்சல் போடும்.

நாற்காலியில் உட்கார்ந்து, விரலில் கருவியை மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கிப் பாருங்கள். அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் நெஞ்சு முட்டும், வயிறு தானாகத் துள்ளும். திரையில் 97, 98 என்றே இருக்கும். கருவி கொஞ்சம் தாமதமாகக் காட்டும் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முட்டுகிற நேரத்தில் ஆக்ஸிஜன் தாராளமாகவே இருக்கிறது. (கிணற்றில் முங்குநீச்சல் போட்டி வைக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடாதீர்கள். கரியமில வாயு வெளியேறிவிடும், முட்டல் தள்ளிப்போகும். முட்டல் வருவதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும்.)

சரி, சும்மா இருக்கும்போது என்ன நடக்கிறது? நிமிடத்துக்கு 14 மூச்சு, மூச்சுக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 7 லிட்டர் காற்று. வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துக்கு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி கவிந்திருக்கும் அந்தத் தசை சுருங்கித் தட்டையாகும்போது நெஞ்சறை விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. வெளியே விடுவதற்கு ஒரு உழைப்பும் இல்லை. இழுத்த ரப்பர் பழைய அளவுக்கு வருவதுபோல நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன், வெளியே வரும் காற்றிலும் 16 சதவீதம் இருக்கும். எடுத்ததில் முக்கால்வாசியைத் திருப்பித்தான் கொடுக்கிறோம். உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்ஸிஜன் போதும்.

அந்த அரை லிட்டரிலும் ஒரு வெட்டுக்கூலி உண்டு. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்று வழியிலேயே 150 மில்லி நின்றுவிடும். ரத்தத்தோடு பரிமாற்றம் நடக்கிற காற்று நுண்ணறைகளுக்குப் போய்ச் சேர்வது 350 மில்லிதான். இதனால்தான் நாய் மாதிரி இளைப்பது லாபமில்லை. கால் லிட்டர் வீதம் 28 முறை மூச்சுவிட்டாலும் மொத்தம் அதே 7 லிட்டர். ஆனால் ஒவ்வொரு முறையும் 150 வழியில் போக, நுண்ணறைக்குச் சேர்வது 2.8 லிட்டர். அரை லிட்டர் வீதம் 14 முறை விட்டால் 4.9 லிட்டர். உடம்புக்கு இந்தக் கணக்கு தெரியும். அதனால் படியேறத் தொடங்கினால் முதலில் மூச்சை ஆழமாக்கும். ஆழம் ஓரளவுக்கு மேல் போகாது என்ற நிலை வந்தபிறகுதான் வேகத்தைக் கூட்டும்.

எனக்குப் பிடித்த இடம் ஏறத் தொடங்கும் அந்த முதல் நொடிகள். கரியமில வாயு இன்னும் சேரவே இல்லை, அதற்குள் மூச்சு கூடிவிடுகிறது. காலை அசைக்கச் சொல்லி மூளை தசைக்கு அனுப்பும் ஆணை, போகிற போக்கில் மூச்சு மையத்துக்கும் தகவல் சொல்லிவிடுகிறது. மூட்டும் தசையும் அனுப்பும் செய்தியும் சேர்ந்துகொள்கிறது. அதனால் மிதமான உழைப்பில், கூடுதலாக உற்பத்தியாகும் கரியமில வாயுவுக்கு ஈடாக மூச்சும் கூடி, ரத்தத்தில் அது அதே 40இல் நிற்கும். இத்தனை துல்லியமாக எப்படி ஈடுகட்டுகிறது என்பது உடலியல்காரர்களுக்குள் இன்றும் வாதம்தான்.

உழைப்பு ஏற ஏற மூக்கு போதாமல் வாயும் திறக்கும். வெளியே விடுவதும் இப்போது வேலையாகிவிடும். வயிற்றுத் தசையும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையும் காற்றை அழுத்தித் தள்ளும். மறுநாள் வயிறு வலிப்பதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நல்ல உடல்வாகு உள்ளவர் முழுமூச்சாக ஓடினால் நிமிடத்துக்கு 100 லிட்டரைத் தாண்டும். இதயம் தள்ளும் ரத்தம் 5 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்குப் போகும். ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் மயிரிழை ரத்தக்குழாயை (தந்துகி) கடக்க முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறது. ஓட்டத்தில் கால் விநாடிதான். ஆனால் ஆக்ஸிஜன் நிரம்புவதற்கு அந்தக் கால் விநாடியே போதும். உங்கள் விரலில் 98 வருவதன் ரகசியம் இதுதான். கருவி பார்ப்பது நுரையீரலில் நிரப்பிக்கொண்டு கிளம்பிய ரத்தத்தை. தொடைத்தசை கறந்துவிட்டு அனுப்பும் ரத்தத்தைப் பார்க்க முடிந்தால் எண் வேறு மாதிரி இருக்கும்.

அப்படியானால் நான் பேச முடியாமல் நின்றது ஏன்? சரிவில் மெதுவாக நடந்த அம்மாவின் தசைக்கு வேண்டிய ஆக்ஸிஜன் வேண்டிய நேரத்தில் கிடைத்தது. சித்தியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார். என் தொடை கேட்ட வேகத்துக்கு அது போதவில்லை. குளுக்கோஸை அவசரமாக உடைத்ததில் அமிலம் சேர்ந்தது. ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை முறிக்கும்போது இன்னும் கரியமில வாயு கிளம்பும். அதையும் வெளியேற்ற வேண்டும், அமிலத்தையும் சமாளிக்க வேண்டும் என்று முகுளம் மூச்சை முடுக்கியது. அந்த எல்லையைத் தாண்டினால் முழு வாக்கியம் பேச வராது. ஓட்டப் பயிற்சியாளர்கள் ‘பேச முடிகிறதா’ என்று சோதிப்பது இதைத்தான்.

உட்கார்ந்த பிறகும் இரைப்பு நீடிப்பதற்குக் காரணம் உடம்புச் சூடும், பாக்கியிருக்கும் அமிலமும், இன்னும் அடங்காத அட்ரினலினும். தினமும் ஏறினால் குறையும். அதற்காக நுரையீரல் பெரிதாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பி.எஃப்.டி. எண்கள் பெரிதாக மாறுவதில்லை. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் அளவு கூடும், தசை ஆக்ஸிஜனை நன்றாகப் பயன்படுத்தும், அமிலம் சேர்வது தள்ளிப்போகும். ஆரோக்கியமான பலருக்கு இடறும் இடம் நுரையீரலாக இருப்பதில்லை.

கடைசியாக ஒன்று. 98 என்றால் ஆக்ஸிஜன் ஏற்றும் ஹீமோகுளோபினில் 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கருவி சொல்லாது. ஒருமுறை முப்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஒரு மாடி ஏறினாலே இரைக்கிறது, ஆஸ்துமாவாக இருக்குமோ என்று அனுப்பியிருந்தார்கள். ஆக்சிமீட்டரில் 99. குழாயில் அருமையாக ஊதினார், வளைகோடு பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே வந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 7, அதாவது கடுமையான ரத்தச்சோகை.

நீங்கள் எத்தனை மாடி என்று எழுதவில்லை. மூன்று நான்கு மாடியை விறுவிறுவென்று ஏறி, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடுகிறது என்றால் என் பழனிக் கதைதான். ஒரு மாடிக்கே வருகிறது, முன்பைவிடக் கூடுகிறது, படுத்தால் இரைக்கிறது, நெஞ்சில் பாரம், வீசிங் சத்தம், ஏறும்போது எண் நாலைந்து இறங்குகிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆக்சிமீட்டரை மேசையில் வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.