டாராவின் கண்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஓர் உரையில் குறிப்பிட்ட 'தி ஜூடாஸ் கான்ட்ராக்ட்' காமிக்ஸைத் தேடி வாங்கி ஒரே இரவில் படித்து முடித்தேன். 39ஆம் இதழில் தொடங்கும் பழைய தொகுப்புதான் கிடைத்தது. பதின்வயது சூப்பர் ஹீரோக்களின் குழுவான டீன் டைட்டன்ஸின் கார்ட்டூனைச் சிறுவயதில் பார்த்தவன் நான். அதில் மண்ணையும் பாறையையும் அசைக்கும் டெர்ரா தடுமாறுவாள், வருந்துவாள், கடைசியில் எரிமலையைத் தடுத்துத் தானே கல்லாகிப்போவாள். மூலக்கதையில் அப்படி எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே வேவுக்காரி, சாகும்வரை வெறுப்பு. விபீஷணன் அண்ணனை விட்டுப் போனதற்கு ஒரு நியாயமாவது இருந்தது. இந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? காரணமே இல்லாத துரோகத்தை எழுதுவது எழுத்தாளரின் சோம்பேறித்தனம் இல்லையா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

முதலில் விபீஷணனை விட்டுவிடுவோம். அவன் சபையில் எழுந்து நின்று, அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கிளம்பியவன். டெர்ரா என்ற டாரா மார்க்கோவ் செய்தது உண்ட வீட்டுக்கு இரண்டகம். அவள் எங்கேயும் கிளம்பவில்லை என்பதுதான் விஷயமே.

உங்கள் தொகுப்பில் ஒரு குறை இருக்கிறது. 39இல் தொடங்கும்போது கதையின் பாதிப் பந்தயம் ஓடி முடிந்துவிட்டது. மார்வ் உல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைய, 'நியூ டீன் டைட்டன்ஸ்' 1980இல் தொடங்கியது. டெர்ரா வந்தது 26ஆம் இதழில், 1982 டிசம்பரில். பெற்றோரைப் பயங்கரவாதிகள் பிடித்துவைத்து என்னைத் திருடச் சொல்கிறார்கள் என்று அழுதுகொண்டு வருகிறாள். அப்போது போட்டி நிறுவனமான மார்வெலின் எக்ஸ்-மென்னில் கிட்டி பிரைட் என்ற சிறுமி பெரும் புகழோடு இருந்தாள். டைட்டன்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் அதைப் பார்த்துக் காப்பியடிக்கிறது என்று வாசகர்கள் நினைத்தார்கள். நன்றாக நினைக்கட்டும் என்று உல்ஃப்மனும் பெரஸும் விட்டுவிட்டார்கள். அவள் துரோகி என்பதும் சாகப்போகிறவள் என்பதும் ஆரம்பத்திலேயே முடிவான விஷயம். பெரஸ் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. அவளுக்குப் பெரிய கண்களையும் எடுப்பான முன்பற்களையும் வைத்தார். எடுப்புப் பல் சிறுமியை யார் சந்தேகிப்பார்கள்?

1983 ஆகஸ்டில் வந்த 34ஆம் இதழில், அவள் டெத்ஸ்ட்ரோக் என்ற கூலிக்கொலையாளி ஸ்லேட் வில்சனின் ஆள் என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. டைட்டன்ஸுக்குத் தெரியாது. 1984 மே இதழில் 'ஜூடாஸ் கான்ட்ராக்ட்' தொடங்கும்வரை ஒன்பது மாதங்கள், இதழ் இதழாக, அவள் சிரிப்பதையும் சண்டை போடுவதையும் வாசகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஒரே இரவில் படித்தவருக்கு அந்த வயிற்றுவலி கிடைக்காது. உங்கள்மேல் தவறில்லை.

இனி துரோகத்துக்கு வருவோம். டாரா எதைக் காட்டிக்கொடுத்தாள்? ரகசிய ஆயுதத்தையோ கோட்டையின் வரைபடத்தையோ அல்ல. அவள் கண்ணில் அணிந்த லென்ஸில் கேமரா இருந்தது. முகமூடி கழற்றிய முகங்கள் அதன் வழியே ஸ்லேடிடம் போய்ச் சேர்ந்தன. கூடவே, யார் எங்கே வசிக்கிறார்கள், தனியாக இருக்கும்போது என்ன செய்வார்கள் என்பதும். அதனால்தான் 43ஆம் இதழில் ஸ்லேட் ஒருவரோடும் நேருக்கு நேர் மோதி ஜெயிக்கவேண்டிய தேவையே அநேகமாக இல்லை. டைட்டன்ஸில் ஒருத்தியான டானா டிராய் தன் புகைப்பட ஸ்டூடியோவில் சிக்குகிறாள். பாதி இயந்திரமான சைபோர்க் தன் வீட்டு நாற்காலியில் வந்து உட்காருகிறான், அவ்வளவுதான். விலங்குகளாக உருமாறும் கார் லோகன் ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதி, உறையின் பசையை நாக்கால் தடவி மயங்கி விழுகிறான். (வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் எனக்கு அந்தப் பக்கம் இன்றும் சரியாக ஜீரணமாகவில்லை. மின்னஞ்சல் வந்தது நல்லதாய்ப் போயிற்று.) தப்பியவன் குழுத் தலைவன் டிக் கிரேசன் ஒருவன்தான். அவன் அப்போது பேட்மேனின் துணைவனான ராபின் என்ற உடையைத் துறந்திருந்தான். 44ஆம் இதழில் நைட்விங் என்ற புதுப் பெயரோடு வருகிறான்.

நாற்காலியும் உறையும்தான் அந்தக் கதையின் உயிர். எதிரிக்கு நம் பலவீனம் தெரிந்தால் பதறுவோம். நம் அன்றாடம் தெரிந்தால் பதறக்கூட நேரம் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் நம் வீட்டில் பல மாதம் சாப்பிட்டிருக்கவேண்டும். அவளுடைய காரணத்தைத் துருவும் நீங்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

ஆனாலும் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. 1984இன் மூன்றாம் ஆண்டுமலரில் அவள் சாகும் இடத்தை மறுபடி பாருங்கள். ஸ்லேடின் மகன் ஜோசப், கண்ணோடு கண் பார்த்தால் அடுத்தவர் உடலுக்குள் புகுந்துவிடுபவன். அப்பாவின் உடலுக்குள் புகுந்து டைட்டன்ஸை விடுவிக்கிறான். ஸ்லேடே தன்னை ஏமாற்றிவிட்டான் என்று டாரா நினைக்கிறாள். கேமரா வைத்த கண், மனைவி சுட்டதில் ஸ்லேட் இழந்த கண், ஜோசப் நுழையும் கண் என்று இந்தக் கதையில் எல்லாமே கண் வழியாகத்தான் நடக்கிறது. வெறிபிடித்தவளாக அவள் பாறைகளை இழுக்கிறாள். அவளைக் காதலித்த கார் கெஞ்சுகிறான். பாறைகள் அவள் மேலேயே சரிகின்றன.

அங்கே உல்ஃப்மன் ஒரு குறிப்பு எழுதுகிறார். இவளுக்கு வெறுக்க யாரும் கற்றுத்தரவில்லை, குற்றம் இவளுடையது மட்டும்தான் என்ற பொருளில். எனக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்கு வயது பதினாறு சொச்சம். பக்கத்தில் நிற்பவன் நரைத்த தலையோடு, வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவன். இருவருக்கும் இடையில் இருந்தது வெறும் ஒப்பந்தம் அல்ல என்பதைப் பெரஸின் படங்களே காட்டுகின்றன. அவன் வீட்டில் அவள் சிகரெட் பிடித்தபடி பெரிய மனுஷிபோல நிற்கிறாள். படம் ஒன்று சொல்ல, எழுத்து அதை மறுக்கிறது. காரணம் இல்லாமல் இருந்தது குறையல்ல. காரணமே கிடையாது என்று அடித்துச் சொன்னதுதான் குறை. சும்மா விட்டிருந்தால் நாமே ஸ்லேடைப் பார்த்திருப்போம்.

அதற்குப் பிறகு வரும் சவ அடக்கத்தை நீங்கள் உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. டாராவின் அண்ணன் பிரையன் வருகிறான். அவனும் ஒரு சூப்பர் ஹீரோ, ஜியோ-ஃபோர்ஸ். அவனிடம் டைட்டன்ஸ் உண்மையைச் சொல்வதில்லை. தங்களில் ஒருத்தியாக, வீராங்கனையாகச் செத்தாள் என்று அவன் நம்பும்படி விட்டுவிடுகிறார்கள். அவளால் சாகவிருந்த அதே ஆட்கள், அவள் குழியருகே நின்றுகொண்டு.

எரிமலையைத் தடுத்துக் கல்லான அந்த டெர்ராவை நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள். சிறுவயதில் உங்களுக்குக் காட்டியது பிரையனுக்குச் சொன்ன கதையை. 26 முதல் 34 வரை எங்காவது கிடைத்தால் படித்துவிட்டு எழுதுங்கள், ஒரே இரவில் வேண்டாம்.