கார் கேள்வி–பதில்: கொடுக்கிற காசு காருக்கா, வரிக்கா?

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் இலங்கையில் விற்கும் செடான் கார்களின் விலையையே சுற்றுகின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, கணக்கோடு பதில் தருகிறோம்.

கேள்வி (உவர்மலை): 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்சியோ, 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின். 78 இலட்சம் கேட்கிறார்கள். ஏறி இருந்து பார்த்தால் உள்ளே எல்லாம் வெறும் பிளாஸ்ரிக். இத்தனை வருடம் ஓடிய காருக்கு இது நியாயமான விலையா?

பதில்: காரை மட்டும் வைத்துப் பார்த்தால் நியாயமில்லை. இதே வகை 1.5 பெற்றோல் அக்சியோவை ஜப்பானில் புதிதாகவே 20 இலட்சம் யென்னுக்குள் வாங்க முடிந்தது. அங்கே அது சாதாரணக் குடும்பக் கார். துணி ஆசனமும் பின்சில்லுக்கு ட்ரம் பிரேக்கும் அந்த விலைக்குப் பொருத்தமானவை. உங்கள் கண்ணில் பட்ட பிளாஸ்ரிக்கும் அப்படித்தான்.

மீதிப் பணத்தில் பெரும் பங்கு வரி. காரின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டி அதன்மேல் சுங்கத் தீர்வை போடுகிறார்கள். அடுத்தது உற்பத்தி வரி. அது காரில் என்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எஞ்சின் எத்தனை சீசீ என்று பார்த்து, சீசீ ஒன்றுக்கு இவ்வளவு ரூபா என்று பெருக்குகிறது. 1,500 சீசீயைத் தாண்டினால் அந்த ஒரு சீசீக்கான தொகையே கூடிவிடும். நம்மூர்த் தெருவில் 1.5 ரொயோட்டா அலியன் நிறையவும் 1.8 அலியன் அரிதாகவும் கண்ணில் படுவதற்கு இதுவே காரணம். குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட காருக்குச் சொகுசு வரியும் உண்டு. கடைசியில் காரின் பெறுமதியோடு தீர்வையையும் உற்பத்தி வரியையும் கூட்டி அதன்மேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி). வரிக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம்.

இதில் ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே சீசீ என்றால் வெறுமையான தரத்துக் காரும் உயர்தரக் காரும் ஒரே உற்பத்தி வரியைத்தான் கட்டுகின்றன. பக்கவாட்டு எயர்பேக்குக்கும் தானாகப் பிடிக்கும் பிரேக்குக்கும் ஜப்பானில் கொடுக்கும் மேலதிகப் பணம், இங்கே இறங்கிய பின் மொத்த விலையில் சிறு துண்டு. புதிதாக இறக்குமதி செய்பவர் காசை மிச்சம் பிடிக்கக் குறைந்த தரத்தை எடுத்தால் வரியை முழுதாகக் கட்டி வசதியைப் பாதியாக வாங்குகிறார். அது மிக மோசமான பேரம்.

இரண்டாவது காரணம் தட்டுப்பாடு. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மீண்டும் வர அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரி 1 முதல். இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. 2022இல் ரூபாவும் விழுந்தது. ஆகவே இரண்டு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் இந்த விலைக்கு வாங்காதீர்கள். எட்டு, பத்து வருடம் வைத்திருப்பவருக்குத் தாங்கும். ஏனென்றால் இந்த எஞ்சினுக்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. 2013 பெற்றோல் அக்சியோவில் இருப்பது 1என்சட்-எஃப்ஈ. ரொயோட்டாவின் புரொபொக்ஸிலும் 1.5 அலியனிலும் இருப்பது அதுவே. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்.

78 இலட்சம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அந்தச் செயின் உரசும் சத்தம் வந்தால் ஒயில் ஒழுங்காக மாற்றப்படவில்லை என்று எடுங்கள்.

பிறகு கியர்பொக்ஸ். இது சீவீடீ, அதாவது பற்சக்கரப் படிகளுக்குப் பதில் உள்ளே ஒரு பெல்ட்டால் ஓடும் தானியங்கி கியர். உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி, அக்சிலரேற்றரை மெதுவாக அழுத்திக் காரை எடுங்கள். 20 முதல் 40 கிலோமீற்றர் வேகத்துக்குள் நடுக்கம் வந்தால் விலையைப் பற்றியே பேச வேண்டாம். நடுக்கம் இல்லை, ஆனால் ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டும் இல்லை என்றால் வாங்கியவுடன் மாற்ற வேண்டும். ஒரு தடவை இறக்கினால் பழைய ஒயில் முழுவதும் வராது. சில நூறு கிலோமீற்றர் ஓட்டி இன்னொரு தடவை இறக்குங்கள். சீவீடீக்கென்று உள்ள ஒயில்தான் ஊற்ற வேண்டும். ஒயில் மட்டத்தை, அது ஏறத்தாழ 40 பாகைச் சூட்டில் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கீழே உள்ள வழிவு ஆணியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் பார்த்தால் ஒயில் விரிந்து வழிந்துவிடும். ஆறியதும் அளவு குறைந்து, பெல்ட் வழுக்கத் தொடங்கும். ஒயில் மாற்றிய பின் கியர்பொக்ஸ் போனது என்று வரும் முறைப்பாடுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் அந்த ரயர் கிழடு. ரயர், சொக், சீவீடீ ஒயில் என்று செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு கராஜில் விலை எழுதி வாங்கி, அந்தத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். சும்மா 'ஐந்து குறையுங்கோ' என்று கேட்பதைவிட அந்தத் துண்டுக் காகிதம் நன்றாக வேலை செய்யும்.

கேள்வி (பாலையூற்று): அலியனைவிட பிரிமியோவுக்கு ஏன் கூட விலை? எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே அடித்தளம், ஒரே எஞ்சின், ஒரே கியர்பொக்ஸ். முன்முகமும் பின்விளக்கும் உள் அலங்காரமும் வேறு. இரண்டின் தயாரிப்பும் 2021இல் நின்றது. கூடக் கொடுக்கும் காசு பெயருக்கு. விற்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும், அவ்வளவுதான். ஒரே விலைக்கு நல்ல அலியனும் தேய்ந்த பிரிமியோவும் நின்றால் அலியனை எடுங்கள்.

கேள்வி (நிலாவெளி, ஆசிரியை): தினமும் சீனக்குடாவுக்குப் போய் வருகிறேன். பெற்றோல் அக்சியோவைவிடக் கூடக் கொடுத்து ஹைபிரிட் எடுப்பது இலாபமா? கடற்கரையில் பற்றரி கெதியில் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: முதலில் கணக்கு. மாதம் 1,000 கிலோமீற்றர், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வையுங்கள். பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் மாதச் செலவு 25,000. ஹைபிரிட் 18 ஓடினால் ஏறத்தாழ 16,700. மாதம் 8,300, வருடம் ஓர் இலட்சம் மிச்சம். ஹைபிரிட்டுக்கு நீங்கள் கொடுக்கும் மேலதிக விலையுடன் ஒரு பற்றரியின் விலையையும் கூட்டி, அதை ஓர் இலட்சத்தால் பிரியுங்கள். வரும் எண்தான் முதலைத் திருப்பி எடுக்கும் வருடங்கள். அது ஐந்துக்கு மேல் போனால் பெற்றோல் காரே போதும்.

கடற்காற்று பற்றரியைக் கெடுக்கும் என்பதில் உண்மை உண்டு. அக்சியோ ஹைபிரிட்டின் பற்றரி பின்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது: 7.2 வோல்ற் மொடியூல் (சிறு பற்றரித் துண்டு) இருபது, மொத்தம் 144 வோல்ற். அதைக் குளிர்விக்கும் விசிறி காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. பின்னிருக்கையை ஒட்டிய அந்த வாயில் பிள்ளைகளின் புத்தகப் பையையோ சீற் கவரையோ வைத்து அடைத்தால் பற்றரி வெந்துபோகும். கச்சான் காற்றுக் காலத்தில் கண்ணாடியைத் திறந்து ஓடினால் மணலும் தூசியும் நேரே அங்கேதான் போய்ப் படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றி, இறக்கைகளில் களிம்பாகப் படிந்திருக்கும் அழுக்கைத் துடைக்கச் சொல்லுங்கள். ஏசி போட்டே ஓட்டுங்கள். அதில் போகும் பெற்றோலைவிடப் பற்றரி விலை கூட.

உப்புக்காற்று தாக்குவது மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளை. பச்சை பூத்து, மின் ஓட்டம் தடைப்பட்டு, பற்றரி செத்துப்போன மாதிரி எச்சரிக்கை விளக்கு எரியும். தகடுகளைச் சுத்தம் செய்தாலே சில வேளை கார் பழையபடி ஓடும். ஆனால் இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. செம்மஞ்சள் நிறச் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, மின் தடுப்புக் கையுறையுடன் செய்ய வேண்டும். அந்தச் சிறு நட்டுகளுக்கு 5 நியூட்டன் மீற்றரை ஒட்டிய இறுக்கமே போதும். சில்லு நட்டைப் போல இறுக்கினால் புரி போய் மொடியூலையே மாற்ற வேண்டி வரும்.

வாங்கும்போது ஸ்கானர் போட்டு, ஏசியை முழுதாக விட்டு, ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும் காரில் எல்லா மொடியூலும் நல்லதாகத்தான் காட்டும். ஓட்டத்தில் ஒரு பகுதிக்கும் மற்றதுக்கும் அரை வோல்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். 'ஒரு மொடியூல் மாற்றினால் சரி' என்ற பேச்சை நம்ப வேண்டாம். பழைய பத்தொன்பதோடு புதிதாக ஒன்றைப் போட்டால் பலவீனமான அடுத்தது சில மாதத்தில் விழும்.

கேள்வி (கிண்ணியா): 40 இலட்சம் லீசிங், ஐந்து வருடம். இரண்டு இடத்திலும் வட்டி 14 வீதம் என்றுதான் சொல்கிறார்கள். ஓரிடத்தில் தவணை 93,000, மற்ற இடத்தில் 113,000. ஏன்?

பதில்: முதலாமவர் குறைந்துவரும் மீதிக்கு வட்டி போடுகிறார், 60 மாதத்துக்கு மொத்த வட்டி ஏறத்தாழ 15 இலட்சத்து 84 ஆயிரம். மற்றவர் நீங்கள் கட்டிக் குறைத்த பணத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்: 40 இலட்சத்தின் 14 வீதம், ஐந்து தடவை, 28 இலட்சம். அவருடைய 14 வீதம் உண்மையில் 23 வீதத்துக்குச் சற்று மேல். வீதத்தைக் கேட்காதீர்கள். 'கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன், இரண்டாம் வருட முடிவில் முழுதாகத் தீர்த்தால் எவ்வளவு?' என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். காரின் விலையைப் பேசி ஓர் இலட்சம் குறைத்துவிட்டு, இங்கே பன்னிரண்டு இலட்சத்தை விட்டுவிடுவது மனதை வருத்துகிற இழப்பு.

கேள்வி (குச்சவெளி): வெளிப்பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் காரின் அடியில் துரு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளத்தில் நின்ற காரா என்றும் பார்க்க வேண்டும்.

பதில்: லிப்டில் ஏற்றாமல் வாங்க வேண்டாம். டோர்ச் அடித்து மூன்று இடம் பாருங்கள்: பின்சில்லு வளைவின் உள்மடிப்பு, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டின் ஒட்டு, பிரேக் குழாய்கள். மேலாகப் படிந்த செந்துரு பயமில்லை. ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டும்போது 'டங்' என்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால் உள்ளே அரித்துவிட்டது. அடியில் கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் அடித்த பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும், அரிப்பு இன்னும் வேகமாகும். ஏசி கொண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை விரலால் தொடுங்கள். மாவாக உதிர்ந்தால் அடுத்த செலவு அதுதான்.

வெள்ளத்துக்கு: சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஆசனத் தண்டவாளத்தின் ஆணிகளில் துரு, ஸ்பெயார் ரயர் குழியில் வண்டல், கம்பளத்துக்குக் கீழே பூஞ்சண வாசம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு எந்த மாவட்டத்துக் காரென்றாலும் இதைப் பாருங்கள். ஹைபிரிட் என்றால் இரட்டிப்புக் கவனம்: பற்றரி ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் முழங்காலளவு வந்திருந்தாலே போதும்.

வாங்கிய பின், கடற்கரையில் ஓட்டுபவர் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை பத்து நிமிடம் கழுவ வேண்டும். வீட்டுக் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி (தம்பலகாமம்): விற்பவரின் பெயரில் புத்தகம் இல்லை. ஓப்பன் பேப்பர் (புத்தகத்தில் உள்ளவர் கையெழுத்திட்ட, வாங்குபவர் பெயர் எழுதாத மாற்றுப் படிவம்) தருகிறார், விலை மூன்று இலட்சம் குறைவு. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆள் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ உங்கள் பெயருக்கு மாற்ற அலைவது மூன்று இலட்சத்தைத் தாண்டும். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று எடுத்து, விடுவிப்புக் கடிதத்தின் மூலப்பிரதியைக் கேளுங்கள். செசி இலக்கத்தைக் காரில் நேரே பார்த்து, புத்தகத்துடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இவ்வளவும் சரிவந்து, பதிவு உரிமையாளர் நேரில் வந்து, அடையாள அட்டையுடன் உங்கள் கண்முன்னே கையெழுத்து வைத்தால் மட்டும் முற்பணம் கொடுங்கள்.