400 மீட்டர் இறக்கமும் 39 மெகாவாட்டும்

மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமான உங்கள் திட்டத்தில், ஆற்றிலிருந்து விநாடிக்கு 10 கன மீட்டர் நீரை மலைக்கு அந்தப் பக்கம் திருப்பி 400 மீட்டர் இறக்கினால் 39 மெகாவாட் மின்சாரம் வருகிறது, ஆசிரியர் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெருக்கல் சரிதான். ஆனால் அது மொத்த உயரத்துக்கான கணக்கு. சுரங்கத்திலும் குழாயிலும் உராய்வுக்கு 5 சதவீத உயரம் போகிறது, டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்து 88 சதவீதத் திறன் என்று வைத்தால், கையில் நிற்பது 33 மெகாவாட்டுக்குள்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்க அதே 10 கன மீட்டரை எடுத்திருக்கிறீர்கள். மின்தேவை மாலையில் எகிறும். பாசனத்துக்கோ பருவம் பார்த்து, நாள் முழுக்கச் சீராக நீர் வேண்டும். மின்நிலையத்துக்குக் கீழே நீரைத் தேக்கி அளந்துவிட ஒரு சிறிய அணை வேண்டும். உங்கள் வரைபடத்தில் அது இல்லையே!

அப்புறம், நீர் கொடுக்கும் ஆறு. ஆஸ்திரேலியாவின் ஸ்நோயி மலைத் திட்டம் (1949–1974), ஜிண்டபைன் என்ற இடத்தில் ஸ்நோயி ஆற்றின் 99 சதவீத நீரை முர்ரே, முர்ரம்பிட்ஜி ஆறுகளின் பக்கம் திருப்பியது. 2002 முதல் ஒரு பங்கை ஸ்நோயி ஆற்றுக்கே திரும்ப விட வேண்டியதாயிற்று. ஆகவே ஆற்றின் கீழ்ப்பகுதிக்கான குறைந்தபட்ச ஓட்டத்தை முதலிலேயே கழித்துவிட்டு, மீதி நீருக்கு மாதவாரியாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.