பக்கத்துப் பள்ளிக்கு 4 கிலோமீட்டரா? ஹௌடனுக்குக் குடிவரும் தங்கைக்கு

"அக்கா, கணவருக்கு உட்ரெக்டில் வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் சென்னையிலிருந்து கிளம்புகிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3. ஹௌடன் என்ற ஊரில் ஒரு வீடு பார்த்தோம். பள்ளி 700 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் காரில் போக மேப் 4 கிலோமீட்டர் காட்டுகிறது. மேப்பில் தப்பா? வந்த உடனே கார் வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

மேப்பில் தப்பில்லை. ஊரையே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். நான் நெதர்லாந்துக்கு வந்து 14 வருடம், அதில் 11 வருடம் ஹௌடனில். முதல் ஒரு வருடத்துக்குக் கார் வாங்காதீர்கள், நீங்கள் இருவரும் ஆளுக்கொரு நல்ல சைக்கிள் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஊரின் அமைப்பு புரிந்தால் காரணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

1960களில் ஹௌடன் சில ஆயிரம் பேர் மட்டும் வாழ்ந்த கிராமம். பக்கத்து உட்ரெக்டில் வீடு போதவில்லை என்று அரசு இதை வளர்க்க முடிவு செய்தது. ராப் டெர்க்ஸ் என்ற நகர வடிவமைப்பாளரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை போட்டு, கார்களை எல்லாம் அதில் விட்டார். ஒவ்வொரு குடியிருப்புக்கும் அந்த வட்டத்திலிருந்துதான் கார் உள்ளே வர முடியும். உள்ளே வந்த கார் அடுத்த குடியிருப்புக்குப் போக வேண்டுமென்றால், வந்த வழியே வெளியே போய், வட்டத்தில் சுற்றி, அடுத்த வாசலில் நுழைய வேண்டும். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் ஊரின் நடுவே நேர்வழி. நான் திருச்சிக்காரி, எனக்கு ஸ்ரீரங்கம்தான் ஞாபகம் வரும். தேர் வெளிவீதியில் சுற்றி வரும், நாம் கோபுர வாசல் வழியாக நேரே உள்ளே போய்விடுவோம். உங்கள் 700 மீட்டருக்கும் 4 கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இன்றைக்கு இங்கே ஏறக்குறைய 50,000 பேர் இருக்கிறோம். கிராமம் இத்தனை பெரிதான பிறகும் அந்த அமைப்பை விட்டுவிடவில்லை. 1990களில் தெற்கே இன்னொரு பகுதி கட்டத் தொடங்கியபோதும் அதே முறையில் இரண்டாவது வட்டம் போட்டார்கள். 2008இலும் 2018இலும் நாட்டின் சிறந்த சைக்கிள் நகரம் என்ற பட்டம் ஹௌடனுக்குக் கிடைத்தது.

காலை எட்டேகாலுக்கு நம் தெருவில் நின்று பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். பள்ளிகளை நடுவில் ஓடும் பசுமைப் பாதையை ஒட்டியே வைத்திருக்கிறார்கள், அதனால் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சிவப்புத் தார்ப் பாதையில்தான் வருவார்கள். அப்பாவின் கை முதுகில் படப் பக்கத்தில் ஓட்டிவரும் நான்கு வயசு, முன்னால் மரப்பெட்டி வைத்த பாக்ஃபீட்ஸ் என்ற சுமைச் சைக்கிளில் இரண்டு குழந்தைகளையும் ஒரு நாயையும் உட்காரவைத்து ஓட்டும் அம்மா, ஒரு கையில் ஆப்பிளைக் கடித்தபடி போகும் பத்து வயசு. சில தெருக்களில் காரும் வரலாம். ஆனால் அங்கே கார் விருந்தாளி என்று பலகையே வைத்திருப்பார்கள். பின்னால் வரும் கார் ஹாரன் அடிக்காமல் உங்கள் வேகத்திலேயே வரும். முதல் வாரம் நீங்கள் பதறிப்போய் ஓரம் கட்டுவீர்கள், நானும் கட்டினேன். தேவையில்லை.

வட்டச் சாலையை எப்படிக் கடப்பது என்று பயப்பட வேண்டாம். அதன் அடியில் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. நம்மூர் சப்வே மாதிரி இருட்டாக, தண்ணீர் தேங்கி இருக்காது. கார் சாலையைக் கொஞ்சம் உயர்த்தி, சைக்கிள் பாதையைக் கொஞ்சம் மட்டும் தாழ்த்தியிருப்பதால் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து மரம் தெரியும். இரவு பத்து மணிக்குத் தனியாக அதில் வருகிறேன், பயம் என்ற நினைப்பே வருவதில்லை. பெண் பிள்ளையை வைத்திருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் ஒன்பது வயதில் தனியாகப் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். ஓஎம்ஆரில் பிள்ளையை எதிர்ச்சாரிக் கடைக்குக்கூட அனுப்ப முடியாமல் இருந்தவர்களுக்கு இது வேறு உலகம்.

கணவரின் வேலைக்கு ரயில். ஹௌடன், ஹௌடன் காஸ்டெல்லம் என்று இரண்டு நிலையங்கள். உட்ரெக்ட் சென்ட்ரலுக்குப் பத்து நிமிடம் போல ஆகும். ஹௌடன் நிலையத்தில் தண்டவாளத்துக்கு அடியிலேயே சைக்கிள் நிறுத்தும் இடம், மேலே ஏறினால் நடைமேடை. உட்ரெக்ட் சென்ட்ரலில் 12,500 சைக்கிள் நிற்கும் நிறுத்தம் இருக்கிறது, 2019இல் முழுமையாகத் திறந்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்குக் காசில்லை. பலர் அங்கே ஒரு பழைய சைக்கிளும் இங்கே ஒன்றும் வைத்துக்கொள்கிறார்கள்.

தெற்குப் பகுதியில் வீடுகள் முதலில் வந்துவிட்டன, காஸ்டெல்லம் நிலையம் 2010இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்களைக் காத்திருக்க வைக்கவில்லை. ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து பழைய டிராம்களைக் கொண்டுவந்து, 2001 முதல் 2008 வரை ஹௌடன் நிலையத்துக்கும் காஸ்டெல்லத்துக்கும் இடையே ஓட்டினார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. புது வீட்டுக்குக் குடிபோகிறவர் முதல் மாதமே கார் வாங்கிவிட்டால், பிறகு பத்து வருடம் கழித்து ரயில் வந்தாலும் அந்தப் பழக்கம் மாறாது. எங்கள் சொந்த ஊர்ப்பக்கம் புறநகரில் மனை போட்டு விற்பவர்கள் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தையாவது யோசித்திருந்தால் என்று ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் மனசு அடித்துக்கொள்ளும்.

சரி, வீடு பார்க்கும்போது கவனிக்க வேண்டியது. வீட்டின் பின்னால் ஷெட் இருக்கிறதா, பின் சந்து வழியாக அதற்கு நேரே போக முடிகிறதா என்று கேளுங்கள். நாங்கள் முதலில் வேறு ஊரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே சைக்கிள் வைக்க இடமில்லை. 18 கிலோ வண்டியைத் தினமும் படியில் தூக்கி ஏற்றினேன், இரண்டே மாதத்தில் ஓட்டுவதையே விட்டுவிட்டேன். சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டு வாசலில் வண்டியை எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் கை தானாகக் கார் சாவிக்குப் போகும். இந்த நாட்டின் கட்டட விதியில் புது வீட்டுக்கு இப்படி ஒரு அறை கட்டாயம் என்பதை 2003இல் எடுத்துவிட்டு, 2012இல் மறுபடி கொண்டுவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு 2018 ஜூலைக்குப் பிறகு அனுமதி வாங்கிக் கட்டியதாக இருந்தால் பெரும்பாலும் எரிவாயு இணைப்பு இருக்காது, இண்டக்‌ஷன் அடுப்புதான். இரும்புத் தோசைக்கல் அடி தட்டையாக இருந்தால் அதில் நன்றாகவே வேலை செய்யும். அலுமினியக் குக்கரையும் அடி உருண்டையான வாணலியையும் சுமந்து வராதீர்கள்.

இன்னொன்று, மகனைச் சீக்கிரம் நீச்சல் வகுப்பில் பதிந்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும். மழைநீரைக் குழாயில் அடைக்காமல் வாய்க்காலிலும் குளத்திலும் விடுவதால் ஊரெங்கும் திறந்த தண்ணீர், பல இடங்களில் வேலி கிடையாது. இங்கே பிள்ளைகள் நீச்சல் டிப்ளோமா வாங்குவதை நம்மூரில் காது குத்துவது போலக் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள்.

சைக்கிள் ஓட்டி வெகு நாளாகிவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் போனீர்களாமே, அப்புறம் என்ன? உடம்பு மறக்காது. நான் அதுகூட ஓட்டியதில்லை. 29 வயதில், இங்குள்ள சமூகக் கூடத்தில் சிரியா, மொரோக்கோ பெண்களோடு சேர்ந்து புதிதாகக் கற்றுக்கொண்டேன். சாலையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருக்கும், சுறாப் பல் என்பார்கள். கூர் உங்களைப் பார்த்திருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். எந்தக் குறியும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவர் முதலில் போவார், அது சைக்கிளாக இருந்தாலும். ஓட்டும்போது கையில் போன் கூடாது, அபராதம் உண்டு.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். நவம்பரில் எதிர்காற்றும் சாரலும் சேர்ந்து அடிக்கும்போது அழுகை வரும், நல்ல மழைச் சட்டையும் கால்சட்டையும் வாங்கியே ஆக வேண்டும். இங்கே பெரும்பாலான வீடுகளில் காரும் இருக்கிறது. பக்கத்திலேயே ஏ27 நெடுஞ்சாலை ஓடுகிறது, வெளியூர் வேலைக்குப் பலர் அதில்தான் போகிறார்கள். ஊருக்குள் ஓட்டுவதற்குத்தான் காரணமில்லாமல் செய்துவிட்டார்கள். ஐந்தோவனில் நண்பர்களைப் பார்க்க, ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் சுற்றிக்காட்ட, மணிக்கணக்கில் எடுக்கும் பகிர்வுக் கார் போதும். இந்திய லைசென்ஸ், நீங்கள் இங்கே நகராட்சியில் பதிவு செய்த நாளிலிருந்து 185 நாளைக்குத்தான் செல்லும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான '30 சதவீத' வரிச்சலுகை கணவருக்குக் கிடைத்தால் தேர்வு எழுதாமல் மாற்றிக்கொள்ளலாம், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மகனுக்குப் பின்னிருக்கை வாங்கினால் போதும். மகளுக்குப் புதிதாக எதுவும் வாங்காதீர்கள், என் மகள் ஓட்டிய 20 அங்குலச் சைக்கிள் ஷெட்டில் சும்மாதான் நிற்கிறது. அவள் உயரம் என்ன என்று மட்டும் எழுதுங்கள், சீட்டைச் சரிசெய்து, காற்றடித்து வைக்கிறேன்.