பழைய ஸ்னைப்பர் துப்பாக்கி அசலா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 (டி) என்று சொல்லி ஒரு துப்பாக்கி விற்பனைக்கு வந்திருக்கிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைநோக்கியைப் பார்த்து மயங்க வேண்டாம், முதலில் எண்களைப் பாருங்கள்.

தொலைநோக்கியைத் தாங்கும் பிராக்கெட்டில் அந்தத் துப்பாக்கியின் வரிசை எண் பொறித்திருக்கும். தொலைநோக்கியின் எண், தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்துப் பகுதியில், அதாவது கையால் பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில், மேலே இருக்கும். இரண்டும் பொருந்தினால் பாதிக் கவலை தீர்ந்தது. இவை சாதாரண நம்பர் 4 துப்பாக்கிகளிலிருந்து ஸ்னைப்பர் வகையாக மாற்றப்பட்டவை; பெரும்பாலானவற்றை மாற்றியமைத்தது லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம். அதன் குறியீடான எஸ்51 கட்டையின் அடிப்பக்கம் இருக்கும். இடப்பக்க உலோகத்தில், ஸ்னைப்பர் வகைக்கான 'டி' (T), 'டிஆர்' (TR) முத்திரைகளையும் தேடுங்கள். ஆனால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதைப் போலியாக அடிப்பது எளிது. எழுத்தின் ஓரம் கூர்மையாக, சுற்றியுள்ள பூச்சு கலைந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சரி, மதிப்பு? எண்கள் பொருந்திய அசல் ஜோடிக்குத்தான் நல்ல விலை. தொலைநோக்கி பின்னால் வந்து சேர்ந்ததென்றால் விலை நன்றாகவே இறங்கும். அப்புறம், தயவுசெய்து மரத்தைத் தேய்த்து மெருகேற்றிவிடாதீர்கள்! பழைய பூச்சு போனால் சான்றும் போய்விடும். வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டு உரிமச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.