கலைப் போட்டிச் சான்றிதழும் கல்லூரி சேர்க்கையும்: வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: பாட்டிலும் நடனத்திலும் ஓவியத்திலும் வாங்கிய விருதுக்குக் கல்லூரி சேர்க்கையில் மதிப்பு உண்டா? ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். கலைத்திருவிழாவில் குழு நடனத்தில் மாநில அளவில் ஜெயித்து, தேசிய கலா உத்சவ் வரை போய்வந்தாள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இதற்கு மார்க் சேர்ப்பார்களா?
– ஒரு தாய், மேலூர்

சேர்க்க மாட்டார்கள் அம்மா. பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, கலைக்குக் கிடையாது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண்தான். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவிலும் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள், என்.சி.சி. மாணவர்கள் என்றுதான் பட்டியல் போகிறது. கேரளத்தில் பள்ளிக் கலோத்சவத்தில் மாநில அளவில் ஏ கிரேடு வாங்கினால் பொதுத்தேர்வில் கருணை மதிப்பெண் தருவார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று பலர் நம்பியிருக்கிறார்கள்.

இது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வோம். தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் ஆடிப் பழகும் பிள்ளையின் உழைப்பு, மைதானத்தில் ஓடும் பிள்ளையின் உழைப்புக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் விதி மாறும்வரை இருக்கிற விதியை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

உங்கள் மகளிடம் அந்த விருதைவிடப் பெரிய துருப்புச் சீட்டு ஒன்று இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், பொறியியலிலும் மருத்துவத்திலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அதே தகுதியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் பொதுவாக இது போய்விடும். 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

கலைக்கென்று இடம் ஒதுக்கும் பெரிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025-26 முதல் ஃபேஸ் என்ற பெயரில் நுண்கலை, பண்பாட்டுச் சாதனையாளர்களுக்கான சேர்க்கையை நடத்துகிறது. ஒவ்வொரு பி.டெக்., பி.எஸ். படிப்பிலும் 2 கூடுதல் இடங்கள். அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும். இதிலும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதித் தரவரிசைப் பட்டியலில் வந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் விருது பேசும். வழக்கமான கவுன்சலிங் தளத்தில் இந்த இடங்கள் வராது, ஐ.ஐ.டி. மெட்ராஸின் தனித் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எந்த விருதுகளை ஏற்கிறார்கள் என்ற பட்டியலும் அங்கேதான் இருக்கும். மகள் அந்தத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்றால் பட்டியலை இன்றே பாருங்கள்.

குழு நடனம் என்பதால் இன்னொன்று. சான்றிதழில் பள்ளியின் பெயர் மட்டும் இருக்கிறதா, உங்கள் மகளின் பெயரும் இருக்கிறதா? பள்ளிப் பெயர் மட்டும் இருந்தால் வெளியில் அதைத் தனிநபர் சாதனையாகக் காட்டுவது கடினம். குழுவில் யார் யார் ஆடினார்கள் என்று பெயர், வகுப்பு, போட்டி நடந்த தேதியோடு பள்ளி லெட்டர்ஹெட்டில் தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையுடன் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அவர் மாற்றலாகிப் போன பிறகு வாங்குவது பெரும் பாடு.

மகன் மிருதங்கம் வாசிக்கிறான். டெல்லி பல்கலைக்கழகத்தில் கலைக்கு ஒதுக்கீடு உண்டு என்கிறார்கள். எப்படி முயல்வது?
– ஒரு தந்தை, விளாங்குடி

உண்டு. ஈ.சி.ஏ., அதாவது பாடம் சாராத திறன்களுக்கான ஒதுக்கீடு, என்று அதைச் சொல்வார்கள். இசை, நடனம், நாடகம், ஓவியம், விவாதம், படைப்பெழுத்து எனப் பல பிரிவுகளில் கூடுதல் இடங்கள் தருகிறார்கள். தரவரிசையில், பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் மதிப்பெண்ணுக்கு 25 சதவீதமும் கலைத்திறனுக்கு 75 சதவீதமும் என்று கணக்கிட்டு வருகிறார்கள். விதிமுறை ஆண்டுதோறும் புதிதாக வெளியாகும் என்பதால் அந்த ஆண்டுக் கையேட்டைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

இதில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது மூன்று இடங்களில்.

கலை ஒதுக்கீடுதானே என்று கியூட் எழுதாமல் விடுவது முதலாவது. கியூட் இல்லாமல் எதுவும் நகராது. அதிலும் சேர விரும்பும் படிப்புக்கு எந்தப் பாடங்களில் எழுத வேண்டும் என்று இருக்கிறதோ அந்தப் பாடங்களில்தான் எழுத வேண்டும். பிறகு பல்கலைக்கழகச் சேர்க்கைத் தளத்தில் விண்ணப்பிக்கும்போது ஈ.சி.ஏ. பிரிவைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். கியூட் எழுதினாலே தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

அடுத்தது பழைய சான்றிதழ்கள். ஏழாம் வகுப்பில் வாங்கிய கோப்பைக்கு அங்கே மதிப்பில்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய சில ஆண்டுகளில் வாங்கியவை மட்டுமே எடுபடும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். ஆகவே ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வாங்குபவற்றைத்தான் கவனமாகச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நேரில் நடக்கும் திறன் தேர்வு. அதில் தேறாவிட்டால் எவ்வளவு பெரிய சான்றிதழும் காப்பாற்றாது. வாசிக்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். கச்சேரியில் வாசிப்பதுபோல் விளம்ப காலத்தில் தொடங்கி மெல்ல ஏறினால், தீர்மானம் என்னும் முடிப்புக்கு வருவதற்குள் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். ஆதி தாளத்தில் சிறிய தனி ஒன்றை மூன்று நிமிடத்தில் முடிகிற மாதிரி தயார் செய்யட்டும்: தெளிவான சொற்கள் (தாள ஒலிகள்), ஒரு நடை மாற்றம், முடிப்புக்கு மோரா, கோர்வை. தாளம் போட்டுக் காட்டு, இந்தச் சொல்லை வாயால் சொல் என்றும் கேட்கலாம். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் பழக்கம் இருந்தால் அங்கே கைகொடுக்கும்.

மிருதங்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்குச் சம்பர்க் கிராந்தி வாரம் இருமுறை மட்டுமே போகிறது. தேர்வு நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே டெல்லியில் இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். ஊர் மாறி ஈரப்பதம் மாறும்போது தோல் தளர்ந்தோ இறுகியோ சுருதி மாறும். வார் பிடிக்கவும் கல்லால் தட்டிச் சேர்க்கவும் மகனுக்கே தெரிந்திருக்க வேண்டும். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) பூச ரவையை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பிசைந்து வைத்தால் காய்ந்துபோகும், உள்ளே கூப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு பிசைந்தால் போதும்.

நாதஸ்வரம், தவில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. கருவியிசைப் பிரிவில் எந்தெந்தக் கருவிகளுக்குத் தேர்வு நடத்துகிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

ஒரு தனியார் அமைப்பு ‘தேசிய நடனப் போட்டி’ என்று கோவாவுக்கு அழைக்கிறது. நுழைவுக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து பதினைந்தாயிரம் வரை ஆகும்போல. விண்ணப்பத்துக்கு உதவுமா?
– ஒரு தந்தை, திருமங்கலம்

அனுப்பும் முன் அவர்களிடம் சில கேள்விகள் கேளுங்கள். மாவட்டச் சுற்று, மாநிலச் சுற்று நடந்ததா? மகள் எந்தச் சுற்றில் யாரை ஜெயித்து இந்தப் போட்டிக்குத் தேர்வானாள்? ஒரு பிரிவில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை முதல் பரிசு தருகிறார்கள்? நடுவர்கள் யார்? சென்ற ஆண்டு முடிவுகளைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்களா?

பணம் கட்டிய எல்லோருக்கும் இடமும் கோப்பையும் உண்டு என்றால் அது போட்டியல்ல, கட்டண மேடை. பேனரில் ‘தேசிய’ என்று அச்சடிக்க எவருக்கும் தடையில்லை. சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவர்கள். உலக சாதனை என்று ஐந்நூறு பேர் ஒன்றாக ஆடி வாங்கும் சான்றிதழுக்கும் இதே நிலைதான்.

மேடை அனுபவத்துக்காகப் போகிறீர்கள் என்றால் உங்கள் விருப்பம். விண்ணப்பத்துக்காக என்றால் அந்தப் பதினைந்தாயிரத்தை மகளின் குருவிடம் ஒரு வருடப் பயிற்சிக்குக் கொடுங்கள். பள்ளி வழியாக நடக்கும் கலைத்திருவிழா, கலா உத்சவ், கலை பண்பாட்டுத் துறையும் ஜவகர் சிறுவர் மன்றமும் நடத்தும் போட்டிகள் ஆகியவற்றில் வாங்கும் பரிசு எடை உள்ளது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு மாவட்ட அளவில் தரப்படும் ‘கலை இளமணி’ விருதையும் நம் பக்கத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓவியத்தில் நிறையப் பரிசு வாங்கியிருக்கிறேன். கவின்கலைக் கல்லூரி, நிஃப்ட் (ஆடை வடிவமைப்பு), என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) இவற்றில் முன்னுரிமை கிடைக்குமா?
– ஒரு மாணவி, உசிலம்பட்டி

பரிசுக்கென்று மதிப்பெண் கிடையாது. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் உட்கார்ந்து வரையச் சொல்வார்கள். என்.ஐ.டி.க்கு முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டத் தேர்வு. நிஃப்ட்டில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு, கொடுக்கும் பொருள்களை வைத்து ஒரு மாதிரி செய்யச் சொல்கிறார்கள். போட்டிக்கு வரைகிற பழக்கம் இங்கே சில சமயம் எதிராகவும் போகும்: மனப்பாடம் செய்த ஒரே காட்சியை, அதே மலை, அதே தென்னையை வரைந்து பரிசு வாங்கியவர்கள், எதிரில் இருப்பதைப் பார்த்து வரையச் சொன்னால் திணறுகிறார்கள். தினமும் பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ உட்கார்ந்து பத்து நிமிட ஸ்கெட்ச் ஐந்து போடுங்கள்.

நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்பு படிக்கும் பேரன் கதை எழுதுகிறான். அங்கே ‘ஸ்காலஸ்டிக்’, ‘யங்ஆர்ட்ஸ்’ என்று போட்டிகளாம். கல்லூரிக்கு அது அவசியமா?
– ஒரு பாட்டி, கே.கே. நகர்

அவசியம் என்று சொல்ல முடியாது. வாங்கினால் நல்ல பலம். அங்கே மதிப்பெண்ணோடு மாணவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதால், நாடு முழுவதிலும் இருந்து தேர்வாவது கவனத்தை ஈர்க்கும். விருது இருந்தால் இடம் உறுதி என்ற விதி எங்கும் இல்லை.

ஸ்காலஸ்டிக் போட்டி 1923 முதல் நடக்கிறது. 7 முதல் 12ஆம் வகுப்பு வரை கலந்துகொள்ளலாம். முதலில் வட்டார அளவில் ‘கோல்டு கீ’, ‘சில்வர் கீ’ தருவார்கள். கோல்டு கீ வாங்கிய படைப்புகள் மட்டும் தேசியச் சுற்றுக்குப் போய், அங்கே பதக்கம் பெறலாம். கோல்டு கீயைத் தேசிய விருது என்று விண்ணப்பத்தில் எழுதுவது பிழை. அது வட்டார விருது. 1981இல் தொடங்கிய யங்ஆர்ட்ஸ், 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. எழுத்து, இசை, நடனம் எனப் பத்துப் பிரிவுகள் உண்டு. குடியுரிமை, விசா நிலையைப் பொறுத்துத் தகுதி மாறும். பேரன் பெற்றோரைச் சார்ந்த விசாவில் இருந்தால் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

காலக்கணக்குதான் இதில் முக்கியம். முன்கூட்டிய விண்ணப்பங்கள் பல கல்லூரிகளில் நவம்பர் 1ஆம் தேதியோடு முடியும். வழக்கமானவை ஜனவரித் தொடக்கத்தில். ஸ்காலஸ்டிக் தேசிய முடிவு மார்ச் மாதவாக்கில் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கும் பதக்கம் விண்ணப்பம் போன பிறகே கைக்கு வரும் என்று அர்த்தம். இந்த ஆண்டு, பதினோராம் வகுப்பிலேயே அனுப்பினால்தான் பயன்.

‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பத்தில் விருதுகளுக்கு 5 வரிசைகள்தான். ஒவ்வொன்றிலும் 100 எழுத்துகள். அதற்குள் ‘பெருமைமிக்க’ போன்ற அடைமொழிக்கு இடமில்லை. விருதின் பெயர், பிரிவு, எத்தனை பேரில் எத்தனையாவது: இது போதும். மதுரையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வோம். கலா உத்சவ் என்று மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது. பள்ளி, மாவட்டம், மாநிலம் என்ற சுற்றுகளைத் தாண்டிய தேசியப் போட்டி என்பதும் அந்த 100 எழுத்துகளுக்குள் வர வேண்டும்.

பையன் ஆறாம் வகுப்பு. பரம்பரையாக நாதஸ்வரக் குடும்பம். இப்போதே எதற்காவது விண்ணப்பிக்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

விண்ணப்பித்தே ஆக வேண்டும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் சி.சி.ஆர்.டி. திறன் தேடல் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயது வரைதான் தகுதி. பதினைந்து தொட்டுவிட்டால் கதவு மூடிவிடும். மொத்தம் 650 உதவித்தொகைகளில் 125, பாரம்பரியக் கலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆண்டுக்கு 3,600 ரூபாயும், குருவுக்குத் தரும் கட்டணத்துக்கு 9,000 ரூபாய் வரையும் கிடைக்கும். தொகை சிறியதுதான், ஆனால் தேசிய அளவில் தேர்வானவன் என்ற அரசு ஆவணம் கையில் இருக்கும். பின்னாளில் பசுமலையில் உள்ள அரசு இசைக் கல்லூரியில் சேர நினைத்தால், அங்கே அவன் வாசிப்பைத்தான் கேட்பார்கள்; அதற்கு அவனுக்கு வீட்டிலேயே குரு இருக்கிறார்.

சான்றிதழில் இனிஷியல் மாறி இருக்கிறது. எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?
– ஒரு தாய், சிம்மக்கல்

இனிமேல் வாங்குவதை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையின் பதிவும் மையும் மங்கும். பின்பக்கம் யாராவது சான்றொப்பமிட வேண்டுமென்றால் வழியில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலில் வைத்தால் போதும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, மாணவர் பெயர், ஆண்டு, போட்டிப் பெயர் என்று கோப்புக்குப் பெயரிட்டு மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வையுங்கள். தளங்களில் கோப்பின் அளவுக்கு வரம்பு இருக்கும். கடைசி நாள் இரவில் பிரவுசிங் சென்டரில் சுருக்கும்போதுதான் எழுத்து படிக்க முடியாமல் போகிறது.

பெயர் எப்போதும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் வருவதும் பின்னால் வருவதும்கூடச் சரிபார்ப்பில் கேள்வியாகும். மாறியிருந்தால் நடத்திய அமைப்பிடம் திருத்திய சான்றிதழ் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து இணைக்கலாம். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழை வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது, நோட்டரி சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே போக வேண்டும்.