வாசற்படியிலிருந்து கேற் வரை கல் வைத்து நடைபாதை போடும்போது கற்களுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

மணல் முற்றத்தில் தனித்தனியாகச் சிலாப் வைக்கப் போகிறீர்கள், வீட்டில் வயதானவர் ஒருவராவது இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். இன்டர்லொக் கல் என்றால் என் பதில் உதவாது. அதற்கு இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான், மேலே மணலைக் கொட்டிக் கூட்டிவிட்டால் சரி.

நான் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி. மாரியில் கேற்றடியில் தண்ணீர் நிற்கும் என்பதால் பாதை போட நினைத்தேன். ஒன்றரை அடி அகலம், நடக்கும் பக்கம் ஓர் அடி, இரண்டு அங்குலக் கனம் என்று 13 சிலாப்புகளை நானே ஊற்றினேன். முதல் கல்லின் நடுவிலிருந்து கடைசிக் கல்லின் நடு வரை 30 அடி. முளை அடித்து, நூல் கட்டி, நானே நடந்து பார்த்து, நடுவுக்கு நடு 30 அங்குலம் என்று வைத்தேன். 13 கல்லுக்கு 12 இடைவெளி, கடதாசியில் கணக்கு மீதியே இல்லாமல் வந்தது. அன்று பின்னேரம் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் விடிய அம்மா முற்றம் கூட்ட ஈர்க்கில் கட்டோடு இறங்கினார். மூன்றாம் கல்லில் நின்றுவிட்டார். "இது மனிசர் நடக்கவா மனே, கொக்கு நடக்கவா?"

எனக்கு உயரம் ஆறடி. அதற்குப் பிறகு அம்மா கல்லைத் தொடவே இல்லை, பக்கத்து மணலில்தான் நடந்தார். ஈர மணலில் அவருடைய தடத்தை ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அளந்தேன். குதிக்கு குதி 21 அங்குலம்.

எல்லாவற்றையும் கிளப்பினேன். இன்னும் ஐந்து கல் ஊற்றி 18 ஆக்கினேன். இடைவெளி 17, அதாவது 360 அங்குலத்தைப் பதினேழாகப் பிரித்தால் நடுவுக்கு நடு 21க்குச் சற்று மேல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெறும் மணல் ஒன்பது அங்குலம் போல. இந்த முறை நூலிலேயே ஒரு முனையிலிருந்து தொடர்ச்சியாக அளந்து ஒவ்வொரு நடுவுக்கும் அடையாளம் போட்டேன். முதல் தடவை ஒரு தடியை வெட்டிக் கல்லுக்குக் கல் வைத்து அளந்திருந்தேன். வீட்டில் ஊற்றிய கல் எல்லாம் ஒரே அளவில் வராது. கால் கால் அங்குலமாகப் பிழை சேர்ந்து, கடைசிக் கல் மூன்று அங்குலம் தள்ளிப்போய்க் கேற்றில் முட்டியது. அடியில் நான்கு அங்குலம் தோண்டி, கிறவல் போட்டு இடித்து, மேலே கொஞ்சம் மணல். கல்லை முற்றத்து மட்டத்துக்கு அரை அங்குலம் உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் கூட்டுகிற மணல் கல்லை மூடிவிடும்.

நடுவுக்கு நடு 24 அங்குலம்தான் முறை என்று மேசன்மார் வரக்கூடும். பிழை என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நடப்பவரின் காலை அளந்துவிட்டு முடிவெடுங்கள் என்கிறேன். எனக்கு இப்போது குறுக்கடி வைத்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

இதெல்லாம் முடிந்த அடுத்த வருடம் எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்டார்கள். பழைய றோட்டைக் கிண்டாமல் அதன் மேலேயே ஊற்றி அரை அடி உயர்த்தினார்கள். வடிகான் கிடையாது. கேட்டதற்கு, "திட்டத்தில் இல்லை" என்றார்கள். ஒழுங்கைத் தண்ணீர் முழுக்க இப்போது எங்கள் வளவுக்குள்தான். போன மாரியில் கேற்றடி மூன்று கல்லும் தெரியவே இல்லை, அம்மா பழக்கத்தில் அடி வைத்துத்தான் தாண்டினார். ஐப்பசிக்கு முன் அந்த மூன்றையும் கிளப்பி உயர்த்த வேண்டும்.